கோரைக்கிழங்கும் ஒன்பது மணி மாத்திரையும்!

அரியர், அட்டெண்டன்ஸ், ஹெச்.ஓ.டி. திட்டுன்னு நாம வழக்கமா புலம்புற புலம்பலுக்கு இந்த வாரம் லீவு. கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம் பேசலாமா?

எனக்கு ஒரு நண்பன். எந்த காலேஜ், எந்த ஊருன்னு கேக்காதீங்க. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் செல்போன்ல அலாரம் அடிக்கும். லேபிள் கிழிச்ச டப்பாவுல இருந்து ஒரு மாத்திரை எடுத்து முழுங்குவான். கேட்டா, ''சத்து மாத்திர மக்கா''ன்னு சிரிப்பான். ஒருநாள் சங்குத்துறை பீச்சுல உக்காந்திருக்கும்போதுதான் உண்மையைச் சொன்னான். அவனுக்குப் பிறவியிலேயே ஹெச்.ஐ.வி. இருக்கு. அம்மாகிட்ட இருந்து வந்தது.

போன மாசம் ரிப்போர்ட்டும் கையுமா வந்து நின்னான். ''மக்கா, இந்தத் தடவையும் ரத்தத்துல வைரஸையே கண்டுபிடிக்க முடியலன்னு வந்துட்டு. பின்ன என்னத்துக்குலே மாத்திர? நிறுத்தப் போறேன்!''

எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. காய்ச்சல் விட்டா மாத்திரையை நிறுத்துறோம்தானே? இருந்தாலும் மனசு கேக்கல. ''ரெண்டு நாள் பொறுடே''ன்னு சொல்லிட்டு, சர்க்யூட் தியரியை மூடி வெச்சுட்டு இதைப் படிக்க ஆரம்பிச்சேன்.

ஹெச்.ஐ.வி. ஒரு காப்பி அடிக்கிற பார்ட்டி. நம்ம ரத்தத்துல சிடி4-னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு. நோய் எதிர்ப்புப் படைக்குக் கேப்டன் மாதிரி. வைரஸ் அதுக்குள்ள புகுந்து, தன்னோட ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வா மாத்தி, அந்த அணுவோட டி.என்.ஏ.வுக்கு நடுவுலேயே ஒட்ட வெச்சிடும். பென் டிரைவ்ல வர்ற வைரஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைலோடயே கலந்துட்டா எப்படி இருக்கும்? அதேதான்!

இன்னிக்கு நம்ம அரசு மையங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கொடுக்குற மாத்திரையில மூணு மருந்து சேர்ந்திருக்கு. டெனோஃபோவிர், லாமிவுடின் ரெண்டும் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.வா மாறுறதைத் தடுக்கும். டொலுடெக்ராவிர், அது போய் ஒட்டிக்கிறதைத் தடுக்கும். கவனிச்சீங்களா? மூணுமே புதுசா ஒரு அணுவுக்குள்ள நுழையுற வைரஸுக்கு வெச்ச பூட்டு. ஏற்கெனவே ஒட்டிக்கிட்டதை இது ஒண்ணும் பண்ணாது.

அந்த அணுக்கள்ல பெரும்பாலானது செத்துப் போயிடும். ஆனா, சிலது 'நினைவு அணு'வா மாறி வருஷக்கணக்கா தூங்கும். கூடவே வைரஸும் தூங்கும். சத்தமே போடாததால நம்ம எதிர்ப்புப் படைக்கும் அது கண்ணுல படாது. 1997-லேயே விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடிச்சிட்டாங்க. ஓய்வுல இருக்குற பத்து லட்சம் சிடி4 அணுவுல ஏறக்குறைய ஒண்ணுலதான் திரும்ப எழுந்துக்கக்கூடிய வைரஸ் இருக்கும். ஆனா, அந்தக் கூட்டம் பாதியா குறையவே ஏறக்குறைய 44 மாசம் ஆகும்னு கணக்குப் போட்டிருக்காங்க. முழுசா தீரணும்னா 70 வருஷத்துக்கு மேல! போதாக்குறைக்கு, அந்த அணு ரெண்டா பிரியும்போது உள்ளே இருக்குற வைரஸுக்கும் ஓசியில ஒரு காப்பி கிடைச்சிடும்.

பூதப்பாண்டி பக்கம் எங்க பாட்டாவோட வாழைத்தோட்டம் இருக்கு. சின்ன வயசுல கோரைப்புல்லை மேலோட வெட்டிப் போட்டுட்டு, ''முடிஞ்சுது பாட்டா!''ன்னு பெருமையா நின்னேன். அவரு மம்பட்டியால ஒரு கொத்து கொத்தி, மண்ணுக்குள்ள கிடந்த கறுப்புக் கிழங்கைக் காட்டினாரு. ''புல்லுதான்டே போச்சு. இது கெடக்கில்லா?'' நண்பனோட ரிப்போர்ட்ல இல்லாதது புல்லு. மண்ணுக்குள்ள கிழங்கு இருக்கு.

மாத்திரையை நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துலேயே வைரஸ் திரும்பிடும். அமெரிக்காவுல மிசிசிப்பியில 2010-ல பிறந்த ஒரு குழந்தைக்கு 30 மணி நேரத்துலேயே மருந்து கொடுத்தாங்க. ஒன்றரை வயசு வாக்குல மருந்து நின்னு போச்சு. ஆனாலும் 27 மாசம் வைரஸைக் காணோம். 'குணமாயிட்டு'ன்னு உலகமே கொண்டாடிச்சு. 2014-ல அது திரும்பி வந்துடுச்சு. அப்பப்ப விட்டு விட்டுப் போட்டா இன்னொரு ஆபத்து. மருந்துக்கு அடங்காத மாதிரி வைரஸ் மாறிக்கும்.

குணமானவங்களே இல்லையா? இருக்காங்க. புற்றுநோய் வந்து, அபூர்வமான மரபணு உள்ள ஒருத்தரோட எலும்பு மஜ்ஜையை 2007-ல பெர்லின்ல பொருத்திக்கிட்ட டிமோதி ரே பிரவுன்தான் முதல் ஆள். அவருக்கு அப்புறமும் உலகத்துல ஒரு சிலர்தான். உயிருக்கே ஆபத்தான சிகிச்சை அது, எல்லாருக்கும் செய்ய முடியாது.

இதுல நம்ம ஊர் பெருமை ஒண்ணும் இருக்கு. 1986-ல இந்தியாவுல முதன்முதலா ஹெச்.ஐ.வி.யைக் கண்டுபிடிச்சது சென்னையில. பேராசிரியை சுனிதி சாலமனோட வழிகாட்டுதல்ல, நிர்மலாங்கிற மாணவி பண்ணின ஆய்வு அது. அப்போ கையில மருந்தே இல்லை. 2004 ஏப்ரல் 1-ல இருந்து அரசாங்கமே மாத்திரையை இலவசமா கொடுக்க ஆரம்பிச்சுது. நம்ம ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கு.

தினமும் மாத்திரை போட்டு வைரஸ் தெரியாத அளவிலேயே இருக்குறவங்ககிட்ட இருந்து உடலுறவு மூலமா யாருக்கும் பரவாது. சேர்ந்து சாப்பிட்டா, ஒரே ரூம்ல படுத்தா எந்தக் காலத்துலயும் பரவாது. கல்யாணம், குழந்தை, வேலை எல்லாமே உண்டு. இப்படி எல்லாத்தையும் சொன்னதும் நண்பன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், ''அப்போ ஆயுசுக்குமாலே?''ன்னு கேட்டான். இப்போதைக்கு ஆமான்னேன். பொய் சொல்ல மனசு வரல.

ராத்திரி ஒன்பது மணிக்கு அலாரம் அடிச்சுது. முறைச்சுப் பாத்துட்டு, டப்பாவைத் திறந்தான்.

அவன் படிச்சுட்டு, ''போட்டுக்கோ மக்கா''ன்னு சொன்ன பிறகுதான் இது அச்சுக்குப் போகுது. உங்க ஹாஸ்டல்லயும் லேபிள் கிழிச்ச டப்பா ஒண்ணு இருக்கலாம். என்னன்னு துருவாதீங்க. அலாரத்தை அவன் கவனிக்கலைன்னா மட்டும், தண்ணி பாட்டிலை எடுத்து நீட்டுங்க.

அடுத்த வாரம் பாப்போம்!