ற்றொலி தள்ளுறதும் வைத்தியம்தான்

1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்தது. வீட்டு வாசலில் இருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒக்சிசன் இருக்கு, பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் இருக்கிறார். நல்ல விஷயம். ஆனால் வாசலுக்கு உள்ளே? அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்து ஸ்கானுக்கு, ஸ்கானில் இருந்து வாட்டுக்கு, பிறகு தியேட்டருக்கு. அந்தத் தூரத்தில் நாங்கள் கண்டது ஒரு ஊழியர், ஒரு ற்றொலி, சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் ஓடுகிற மகன்.

இதை ‘ஆளைக் கொண்டுபோறது’ எண்டு சொல்லிப் பழகிவிட்டோம். சாமான் ஏத்தி இறக்குற மாதிரி. கடுமையான நோயாளிக்குக் கட்டில் மாறுகிற நேரமே ஆபத்தான நேரம். இரத்த அழுத்தம் விழலாம், தொண்டைக்குள் போட்ட குழாய் நழுவலாம். நெஞ்சில் இருந்து நீர் வடிக்கக் குழாய் போட்டிருந்தால், அந்தப் போத்தல் எப்பவும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்கவேணும். உயர்த்தினால் வடிந்த நீர் திரும்ப உள்ளே போகும். சேலைனைத் தூக்கிப் பிடிக்கப் பழகின மகன் இதையும் தூக்கத்தானே பார்ப்பான்? அவனுக்கு ஆர் சொன்னது?

ஒக்சிசன் கணக்கையும் பாருங்கோ. 340 லீற்றர் கொள்ளும் சின்னச் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லீற்றர் போனால் 34 நிமிடம். அதுவும் முழுசா நிரம்பியிருந்தால். லிஃப்ட் வாசலில் பத்து நிமிசம், ஸ்கான் அறை வாசலில் இருபது நிமிசம் எண்டால் மிச்சம் என்ன? கலைப்பீடத்துக்காரர் எங்களுக்கே விளங்குற கணக்கு இது.

உடனே பதில் வரும்: ஆளில்லை, காசில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு டொக்டர்மாரும் தாதியரும் வெளிநாடு போனது உண்மைதான், மிச்சமிருக்கிறவைக்கு முறிவு வேலை. ஆனால் புறப்பட முதல் சிலிண்டரின் முள்ளைப் பார்க்க எவ்வளவு காசு வேணும்? ஸ்கான் அறைக்குக் கோல் எடுத்து ‘இப்ப கொண்டுவரலாமா’ எண்டு கேட்க?

ஏதாவது நடந்தால் மட்டும் பழி முழுக்க ற்றொலி தள்ளினவருக்கு. அவரை வீடியோ எடுத்து முகநூலில் போட்டுத் திட்டுறது லேசு. அவருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் எண்டு நிர்வாகத்தை ஆரும் கேக்கிறேல்லை.

நாங்கள் கேட்பது பெரிய திட்டமில்லை. நோயாளியை அசைக்க முதல் ஆர் கூடப் போறது, ஒக்சிசன் எத்தனை நிமிசத்துக்கு இருக்கு, போற இடத்தில ஆர் பொறுப்பெடுக்கிறது எண்டு நோயாளியின் ரிக்கெற்றில் எழுதிக் கையெழுத்து வைக்க வேணும். அந்தக் கையெழுத்து ற்றொலி தள்ளுறவருடையதாக இருக்கக் கூடாது.