பக்கத்து நாட்டு ராஜாவும் பக்கத்து வீட்டுக்காரரும்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, கி.மு. 4000-ல் என் சாம்ராஜ்யத்தைத் தொடங்கினேன். குடியேற ஒரு சின்னக் கும்பல், தடியோடு ஒரு வீரன்... அவ்வளவுதான் சொத்து!

'சிவிலைசேஷன்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு. சிட் மையர் 1991-ல் கொண்டுவந்தது. 2025-ல் ஏழாவது பாகமே வந்துவிட்டது. என் கம்ப்யூட்டரின் வயசுக்கு ஆறாவதே ஜாஸ்தி. சதுரங்கம் மாதிரி ஆளுக்கொரு முறை நகர்த்த வேண்டும். ஊர் கட்டலாம், படை திரட்டலாம், தூது விடலாம். "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்று சொல்லிச் சொல்லியே பால் பாக்கெட் வரும்வரை உட்கார்ந்திருக்கிறவர்கள் உலகம் முழுக்க உண்டு.

எனக்கு வாய்த்த பக்கத்து நாட்டு ராஜா, சந்திரகுப்த மௌரியர். 25 தங்கம் செலவழித்து தூதுக்குழு அனுப்பினேன். வாங்கிக்கொண்டு சிரித்தார். அந்த தைரியத்தில், அவர் எல்லையை ஒட்டியே என் மூன்றாவது நகரத்தைக் கட்டினேன். நல்ல ஆறு, நல்ல மண்... விடுவானேன்? கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போயிற்று. அடுத்து யானைப் படை வந்தது!

மாடி வீட்டுப் பையனுக்குக் குரல் கொடுத்தேன். ராத்திரியில் தூங்குகிற ஜாதியில்லை அவன். இன்ஜினீயரிங் படிக்கிறான். அதைத் தவிர மற்றதெல்லாம் தெரியும்.

"அங்கிள், ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு குணம் எழுதி வெச்சிருக்கான். சந்திரகுப்தருக்குப் பக்கத்துல ஊர் கட்டினா பிடிக்காது. தள்ளி இருந்தா தங்கமான மனுஷன்!"

விளையாட்டுக்காரன் கற்பனை இல்லை இது. சாணக்கியர் பெயரில் வழங்கும் அர்த்தசாஸ்திரம் சொல்வதுதான். எல்லையை ஒட்டி இருப்பவன் இயல்பாகவே எதிரி. அவனுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் இயல்பாகவே நண்பன். காணாமலே போய்விட்டதாக நினைத்த அந்த நூலின் சுவடி 1905-ல் மைசூரில் சாமசாஸ்திரியின் கைக்குக் கிடைத்து, 1909-ல் அச்சேறியது. 2018-ல் சந்திரகுப்தரை இந்த விளையாட்டில் சேர்த்தபோது, அவருடைய தனித் திறமைக்கே 'அர்த்தசாஸ்திரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சரி, அவருக்கு அந்தப் பக்கம் யார்? கிளியோபாட்ரா! ஓடினேன். அம்மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"படை இல்லாதவங்களை அவங்களுக்குப் பிடிக்காது, அங்கிள்."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படை சேர்த்தேன். முகம் மலர்ந்தது. முதலில் நட்பு, அப்புறம் கூட்டணி. இரண்டு பக்கமும் இடித்ததில் மௌரியர் நகரம் ஒன்று என் கைக்கு வந்தது. சோபாவில் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டேன்.

சில டர்ன்தான்... அந்த நகரம் என்னை உதறிவிட்டுத் தனியாகப் போய்விட்டது! ஒரு அம்புகூடப் பறக்கவில்லை. சுற்றிலும் அவருடைய ஜனங்கள், நடுவில் என் கொடி. விசுவாசம் எப்படி நிற்கும்?

"பிடிக்கிறது ஈஸி. வெச்சுக்கறதுதான் கஷ்டம்" என்று கொட்டாவி விட்டபடி மாடி ஏறிவிட்டான் பையன்.

விடியற்காலை நாலரை மணிக்கு உட்கார்ந்து யோசித்தேன். ராத்திரி முழுக்க என் ஊர், என் படை, என் தங்கம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். எதிராளிக்கு எது உறுத்தும் என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு காம்பவுண்ட் சுவர். அரை அடி யாருடையது என்று தகராறு வந்து, இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. அவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு நான் தினமும் வாக்கிங் போகிறேன். அர்த்தசாஸ்திரம் படிக்காமலே!

காலையில் மனைவியைக் கேசரி கிளறச் சொன்னேன்.

"யாருக்கு?"

"தூதுக்குழு!"

எவர்சில்வர் டப்பாவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர் வாங்கிக்கொண்டார். ஆனால், சிரிக்கவில்லை. சந்திரகுப்தரே தேவலை என்று திரும்பி வந்தேன்.

சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது. காலியாக இல்லை. உள்ளே, அவர்கள் வீட்டு மாவடு.

அரை அடி அப்படியேதான் இருக்கிறது. அடுத்த டர்ன் என்னுடையது!