60,000 ரூபாய் கொடுத்து மீன் பிடித்து, கடலிலேயே விடும் ஊர்!

ஒரு நாள் மீன் பிடிக்க அழைத்துப் போவதற்கு 800 டாலர் வாங்குகிறார் ஒருவர். நம் பணத்தில் 60,000 ரூபாய்க்கு மேல். படகு அவருடையது, தூண்டில் அவருடையது, இரையும் அவருடையது. எட்டு மணி நேரம் வெயிலில் நின்று நீங்கள் ஒரு மீனைப் பிடித்துவிட்டால், உடனே அதைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைத்தால் சட்டப்படி குற்றம். வேண்டுமானால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

'இதுக்கா இவ்வளவு காசு?' என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால், அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில், நல்ல கைடு ஒருவரின் தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

ஃப்ளோரிடா மாநிலத்தின் தெற்கு நுனியிலிருந்து கடலுக்குள் வால் மாதிரி நீண்டு கிடக்கும் தீவுகள் இவை. ஒரு பாம்பன் பாலத்துக்கே ரயிலில் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடுகிறோம். அங்கே சுமார் 180 கிலோமீட்டர் சாலையில் 42 பாலங்கள்! சாலையின் ஒரு பக்கம் அட்லாண்டிக் பெருங்கடல். மறுபக்கம் ஃப்ளோரிடா விரிகுடா. இந்த விரிகுடா சென்னை மாநகராட்சியைப் போல ஐந்து மடங்கு பெரியது. ஆனால் ஆழம்? சராசரியாக ஒரு மீட்டர்தான். இடுப்பளவுத் தண்ணீர். அடியில் கடல்புல், ஓரமெல்லாம் அலையாத்திக் காடு.

இந்த இடுப்பளவுத் தண்ணீருக்குத்தான் அத்தனை கிராக்கி.

ஆழ்கடலில் மீன் எங்கே என்று கருவி சொல்லும். இங்கே அந்தக் கருவியால் பெரிதாகப் பிரயோசனமில்லை. மீனைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தபின், அதற்குத் தெரியாமல் அதன் மூக்குக்கு முன்னால் தூண்டிலை விழச்செய்ய வேண்டும். படகின் நிழல் விழுந்தாலோ, பலகையில் செருப்பு தட்டினாலோ போச்சு. அதனால், இடத்தை நெருங்கியதும் இன்ஜினை அணைத்துவிடுவார் கைடு. இன்ஜினுக்கு மேலே ஒரு சின்ன மேடை இருக்கும். அதில் ஏறி நின்று, ஆறு மீட்டர் நீளக் கழியை ஊன்றி, சத்தமில்லாமல் படகைத் தள்ளுவார். தட்டையான அடிப்பகுதி கொண்ட படகு அது. ஒரு அடித் தண்ணீர்கூட இல்லாத இடத்திலும் மிதக்கும். முன்னணியத்தில் தூண்டிலோடு நிற்பவர் நீங்கள்.

"பத்து மணி... நாப்பது அடி... ரெண்டு மீன், இடதுபக்கம் போகுது... இப்போ போடு!"

படகின் மூக்கு 12 மணி என்று வைத்துக்கொண்டு கடிகாரக் கணக்கில் திசை சொல்வது அவர்கள் வழக்கம். நீங்கள் பத்து மணித் திசையில் உற்றுப் பார்ப்பீர்கள். தண்ணீர், புல், வெயிலின் மினுமினுப்பு... வேறொன்றும் தெரியாது. அவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? நீரின் மேல்பரப்பில் வந்துபோகும் சின்னச் சுருக்கம், புல்லின் மேல் நகரும் ஒரு நிழல், சேற்றில் மூக்கை நுழைத்து நண்டு தேடும் மீனின் வால்நுனி வெயிலில் பளிச்சிடுவது. இதையெல்லாம் படிக்கப் பல வருடங்கள் ஆகும். அந்த 800 டாலர் மீனுக்கு அல்ல, அந்தக் கண்களுக்குத்தான் என்பேன்.

போன்ஃபிஷ் என்ற மீனுக்கு அங்கே 'சாம்பல் பேய்' என்றே பட்டப்பெயர். கண்ணாடி மாதிரி செதில்கள். சுற்றியிருக்கும் நிறத்தையே காட்டி மறைந்துவிடும். இன்னொன்றின் பெயர் பெர்மிட். நம்மூர்ப் பாரை மீனின் சொந்தம். ஸ்னூக் என்பது கொடுவாவுக்குத் தூரத்து உறவு. இவர்களுக்கெல்லாம் ராஜா டார்பன். ஆள் உயரத்துக்கு வளரும், 50 வயதைத் தாண்டியும் வாழும். அவ்வப்போது மேலே வந்து வாய் நிறையக் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். தூண்டிலில் மாட்டினால் முழு உடம்போடு வானத்தில் எகிறும். அந்த நொடியில் ராடைத் தாழ்த்தி நரம்பைத் தளர்த்தாவிட்டால் அறுந்துவிடும். 'ராஜாவுக்குத் தலை வணங்கு' என்று கைடு பின்னாலிருந்து கத்துவார்.

ஃப்ளோரிடாவில் 2013 முதல் போன்ஃபிஷை யார் பிடித்தாலும் விட்டுவிட வேண்டும். டார்பனுக்கும் அதே விதி. சாதனைப் பதிவுக்கு முயல்கிறவர்கள் மட்டும் தனி அனுமதிச் சீட்டு வாங்கி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். 40 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள டார்பனைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே கூடாது. ஸ்னூக், ரெட் டிரம் போன்றவற்றில் குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்டதைச் சமைக்க எடுத்துப்போக வாய்ப்பு உண்டு. ரொம்பச் சின்னதும் கூடாது, முட்டையிடும் பெரியதும் கூடாது. நடுத்தரம் மட்டும்.

சாப்பிடாத மீனுக்கு எதற்கு இந்த வதை என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கும் இது முழுசாக ஒப்பவில்லை. விட்ட மீனெல்லாம் பிழைப்பதும் இல்லை. களைத்துப்போன டார்பனுக்காகச் சுறா காத்திருக்கும். சுறா தெரிந்ததுமே நரம்பை அறுத்து மீனைத் தப்பவிடும் கைடுகள் இருக்கிறார்கள். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அதன் மேல் இருக்கும் வழவழப்புப் போய் நோய் தொற்றும் என்று வாடிக்கையாளரிடம் கண்டிப்பாகச் சொல்வதும் அவர்கள்தான். மீன் பிழைத்தால்தான் அவர்கள் பிழைப்பு. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது.

கைடு ஆவது சும்மா இல்லை. குறைந்தது 360 நாள் படகில் இருந்த அனுபவம் காட்டி, அமெரிக்கக் கடலோரக் காவல் படையிடம் பரீட்சை எழுதி, கேப்டன் உரிமம் வாங்க வேண்டும். கைக்கு வரும் 800 டாலரில் படகுத் தவணை, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், இரை எல்லாம் போக வேண்டும். பலத்த காற்று அடித்தால் அன்றைக்குச் சம்பாத்தியம் இல்லை. புயல் வந்தால் சீசனே இல்லை.

இந்தப் பிழைப்புக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகளில் அது வருவதில்லை.

1994 நவம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மாநிலக் கடல் எல்லைக்குள் செவுள் வலையைத் தடை செய்யலாமா என்பது கேள்வி. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர்கள்தான் தடைக்காகப் பெரிய பிரசாரம் செய்தார்கள். 100-க்கு 72 பேர் ஆமாம் என்றார்கள். 1995 ஜூலையில் தடை அமலுக்கு வந்தது. கோர்டெஸ் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக மடவை மீன் பிடித்துவந்த குடும்பங்கள் ஒரே நாளில் வலையைச் சுருட்ட வேண்டியதாயிற்று. அரசு வலைகளை விலைக்கு வாங்கிக்கொண்டது. சீடர் கீ என்ற ஊரில் மட்டி வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது நன்றாகவே பிடித்துக்கொண்டது. எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

தடைக்குப் பின் கடலோர மீன்வளம் தேறியது என்பார்கள் தூண்டில்காரர்கள். 'எங்கள் சோற்றை எடுத்து உங்கள் விளையாட்டுக்குக் கொடுத்தார்கள்' என்பது வலைக்காரர்களின் ஆறாத கோபம். கடற்கரை ஊரில் பிறந்த யாருக்கும் இதில் ஒரு பக்கம் மட்டும் பேச வராது.

ஆனால் வலை போனதோடு மீனுக்கு வந்த ஆபத்து தீரவில்லை. அடுத்த ஆபத்து வடக்கிலிருந்து வந்தது, அதுவும் தண்ணீர் வடிவில். சரியாகச் சொன்னால், வராத தண்ணீரின் வடிவில்.

ஃப்ளோரிடாவின் நடுவே ஓக்கிசோபீ என்ற பெரிய ஏரி இருக்கிறது. அந்த ஏரி நிரம்பி வழிந்து, எவர்கிளேட்ஸ் என்ற புல்வெளிச் சதுப்பு வழியாக மெல்லத் தெற்கே ஊர்ந்து, ஃப்ளோரிடா விரிகுடாவில் கலப்பதுதான் இயற்கை. 1928 சூறாவளியில் ஏரி உடைத்துக்கொண்டு 2,500 பேருக்குமேல் பலியானார்கள். அதன்பின் ஏரியைச் சுற்றி உயரமான கரை கட்டினார்கள். தெற்கே கரும்பு வயல்கள் வந்தன. உபரித் தண்ணீரைக் கிழக்கிலும் மேற்கிலும் கால்வாய் வெட்டிக் கடலுக்கு அனுப்பினார்கள். அங்கே உரமும் பாசியும் கலந்த தண்ணீர் கழிமுகங்களைக் கெடுத்தது. இங்கே விரிகுடாவுக்கு வர வேண்டிய நல்ல தண்ணீர் வரவில்லை. கடைமடை விவசாயிக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

2015 கோடையில் மழையும் பொய்த்தது. ஆழமில்லாத விரிகுடா வெயிலில் காய்ந்து, சில இடங்களில் சாதாரணக் கடலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பேறியது. சுமார் 40,000 ஏக்கர் கடல்புல் செத்தது. தண்ணீர் மஞ்சளாகி அழுகிய முட்டை நாற்றம். புல் போனால் இறாலும் நண்டும் போகும். பின்னாலேயே மீனும் போகும். தினமும் அந்த இடத்தில் கழி ஊன்றுகிறவருக்கு, இது அறிக்கையில் படிக்கும் செய்தி இல்லை.

அடுத்த வருடமே, ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் இரண்டு கைடுகள் சேர்ந்து 'கேப்டன்ஸ் ஃபார் கிளீன் வாட்டர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதுவரை படகும் தூண்டிலும் மட்டும் தெரிந்தவர்கள், தலைநகரில் போய் ஏரித் தண்ணீரைத் தெற்கே திருப்பச் சொல்லி வாதாடினார்கள். தண்ணீரை மறித்து அணைபோல் கிடந்த டாமியாமி நெடுஞ்சாலையில் ஏற்கெனவே 2013-ல் ஒன்றரை கிலோமீட்டருக்குமேல் நீளமான பாலம் கட்டி, அடியில் வழி விட்டிருந்தார்கள். பிறகு மேலும் பாலங்கள் வந்தன. ஏரிக்குத் தெற்கே பெரிய நீர்த்தேக்கம் கட்ட 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது.

போன்ஃபிஷ் விஷயத்தில் ஒரு செய்தி கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. தெற்கு ஃப்ளோரிடாவில் 93 போன்ஃபிஷ்களை ஆராய்ந்து 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு மீனில் சராசரியாக ஏழு விதமான மருந்துகள். ஒன்றில் மட்டும் 17! ரத்த அழுத்த மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, ஆன்டிபயாடிக்... மனிதர்கள் விழுங்கியது கழிவுநீர் வழியாகக் கடலுக்குப் போய், மீனுக்குள் சேர்ந்திருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரித்தாலும் மருந்துகள் முழுதாக நீங்குவதில்லை.

கீஸ் தீவுகளின் தென்கோடியில், 2023 கடைசியில், இரவில் படகு விளக்கு வெளிச்சத்தில் மீன்கள் பம்பரம் போலச் சுற்றுவதைப் பார்த்தார்கள். தலைகீழாகப் புரண்டு, சுற்றிச் சுற்றி வந்தன. மீன் பிடிக்கப் போனவர்களும் கைடுகளும் வீடியோ எடுத்து விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார்கள். பல வகை மீன்கள், அவற்றோடு வேளா மீனும். மூக்கில் ரம்பம் வைத்த வேளா நம் கடலிலும் ஒரு காலத்தில் சாதாரணமாக வலையில் விழுந்தது. இன்று பார்ப்பதே அபூர்வம். ஃப்ளோரிடாவிலும் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் 2024-ல் 50-க்கும் மேற்பட்டவை செத்து ஒதுங்கின.

கடல் அடியில் வளரும் நுண்பாசிகளின் நச்சு காரணமாக இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. அந்த ஏப்ரலில், 11 அடி நீளமுள்ள ஒரு வேளா கரையோரத்தில் தத்தளிப்பதாகத் தகவல் வந்தது. படகோடு கட்டிக் கரைசேர்த்து, தொட்டியில் வைத்துச் சிகிச்சை தந்தார்கள். பின்னர் அதன் நிலை மோசமாகி, கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. சுற்றும் மீனைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள் என்று மாநில மீன்வளத் துறை போன் நம்பர் கொடுத்து வைத்திருக்கிறது. விடியும் முன்பே படகை இறக்குகிற கைடுகளின் கண்களுக்குத்தான் அதிலும் முதல் வேலை.