நான்கு என்றால் பொன்!

"பொன் என்றால் என்ன?" என்று உங்கள் குழந்தையைக் கேளுங்கள். "தங்கம்" என்று பதில் வரும்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் சந்தாலி மொழி பேசும் குழந்தையைக் கேளுங்கள். "நான்கு" என்று சொல்லும். ஆம், சந்தாலியில் பொன் என்றால் நான்கு!

அங்கிருந்து கிழக்கே 2,000 கிலோ மீட்டருக்கு மேல் போனால் வியட்நாம் நாடு. அங்கே நான்குக்குப் பெயர் "போன்". கம்போடியாவில் "புவன்". பர்மாவில் வாழும் மோன் மக்களுக்கும் நான்கு "பொன்"தான். சந்தாலியில் கண்ணுக்கு "மெத்" என்று பெயர். வியட்நாமில் அது "மாத்".

இது எப்படி? மனிதர்களைப் போல மொழிகளுக்கும் உறவு முறை உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அது திராவிடக் குடும்பம். சந்தாலி, முண்டாரி, மேகாலயாவின் காசி, நிக்கோபார் தீவு மொழிகள், கம்போடியாவின் கெமர், வியட்நாமிய மொழி ஆகியவை வேறு வீட்டுப் பிள்ளைகள். அதற்கு ஆஸ்திரோ ஆசியக் குடும்பம் என்று பெயர். 1906-ல் வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற அறிஞர் வைத்த பெயர் இது. "ஆஸ்திரோ" என்றால் தெற்கு. இந்தக் குடும்பத்தில் 150-க்கு மேற்பட்ட மொழிகள் உண்டு. பேசுகிறவர்கள் 10 கோடிக்கு மேல்!

ஒரு சொல் ஒத்துப் போனால் மட்டும் உறவு ஆகிவிடாது. நம் தங்கப் பொன்னுக்கும் சந்தாலிப் பொன்னுக்கும் உறவு இல்லை. பல சொற்கள் ஒரே முறையில் ஒத்து வரவேண்டும். அப்போதுதான் அறிஞர்கள் "உறவு" என்பார்கள்.

எழுத்து பிறந்தது

இந்தக் குடும்பத்தில் நாடாளும் மொழிகளும் உண்டு. நலிந்த மொழிகளும் உண்டு. ஒடிசாவில் கோரும் என்று ஒரு மொழி. அதை நன்றாகப் பேசுகிறவர்கள் வயதானவர்களே. பிள்ளைகள் பேசாவிட்டால் மொழி என்ன ஆகும்? பெரியவர்களோடு போய்விடும்.

பிழைக்க வழி இல்லையா? உண்டு. சந்தாலியைப் பாருங்கள். 1925-ல் ரகுநாத் முர்மு என்பவர் அந்த மொழிக்கென்றே 30 எழுத்துகளை உருவாக்கினார். அதற்கு "ஒல் சிக்கி" என்று பெயர். இன்று அந்த எழுத்தில் பாடப் புத்தகங்கள் வருகின்றன. 2003-ல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் தமிழோடு சந்தாலிக்கும் இடம் கிடைத்தது. 2011 கணக்குப்படி இந்தியாவில் அதைப் பேசுவோர் சுமார் 73 லட்சம் பேர்.

இன்னொருவர் கிடுகு ராமமூர்த்தி. பர்லாகிமிடியில் ஆசிரியராக இருந்தவர். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அவருடைய தாய்மொழி தெலுங்கு. ஆனாலும் மலையில் வாழும் சவரர்களின் மொழியைக் கற்றார். அதுவும் இந்தக் குடும்பத்து மொழிதான். சவரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பாடம் எழுதினார். அவர் எழுதிய சவர மொழி இலக்கண நூலைச் சென்னை அரசாங்க அச்சகம் 1931-ல் வெளியிட்டது.

"சின்ன மொழியைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். பெரிய மொழியும் படிக்கட்டும். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் ஏணியின் முதல் படி வீட்டு வாசலில் இருக்க வேண்டும். அம்மா பேசும் மொழியில் முதல் பாடம் நடந்தால் பிள்ளைக்குப் பாடம் புரியும். புரியாத மொழியில் நடந்தால், பிள்ளை வாய்மூடி உட்கார்ந்திருக்கும். பிறகு பள்ளிக்கே வராது.

பெற்றோர்களே, இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்த மொழியையும் "காட்டு மொழி" என்று ஏளனம் செய்ய விடாதீர்கள். எழுத்து இல்லாத மொழியிலும் தாலாட்டு உண்டு. அதைக் கேட்டுத் தூங்கும் குழந்தையும் உண்டு. நம் குழந்தைக்குத் தமிழ் எப்படியோ, அந்தக் குழந்தைக்கு அந்த மொழி அப்படி!