அடா லவ்லேஸ் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர்

விக்கிப்பீடியாவில் அடா லவ்லேஸின் வாழ்க்கைக் குறிப்பை வைத்து நடக்கும் தொகுப்புச் சண்டை ஓய்ந்தபாடில்லை. 'உலகின் முதல் நிரலாளர்' என்று ஒருவர் எழுதுவார்; இன்னொருவர் அழிப்பார்; மூன்றாமவர் 'என்று கருதப்படுகிறார்' என்று ஒட்டுப்போடுவார். அழிப்பவர்களுக்கு வக்காலத்து வாங்கி வந்திருக்கும் கட்டுரை மூன்று வாதங்களை வைக்கிறது. சார்லஸ் பாபேஜ் அடாவுக்கு முன்பே நிரல்கள் எழுதிவிட்டார். அடாவுக்குக் கணிதம் போதாது. அவர் பெயரில் உள்ள குறிப்புகள் பாபேஜ் சொல்லச் சொல்ல எழுதியவை. ஆகவே 'பிரெஞ்சுக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்த சீமாட்டி' என்ற ஒரு வரியே போதுமாம். முதல் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்ற இரண்டும் ஆவணங்களைப் புரட்டிப் பார்க்காதவர் எழுதியவை.

பாதி உண்மையை முதலில் பார்ப்போம். 1830களின் பிற்பகுதியிலேயே பாபேஜ், தாம் வடிவமைத்த கணக்கிடும் இயந்திரமான பகுப்பாய்வுப் பொறிக்கான செயல்முறைகளை எழுதிப் பார்த்திருக்கிறார். ஆலன் பிராம்லி போன்ற ஆய்வாளர்கள் இதை நிறுவியிருக்கிறார்கள். எனவே 'முதல்' என்ற பட்டத்துக்கு மறுப்பு உண்டு என்பதைக் கலைக்களஞ்சியம் பதிவுசெய்தே ஆகவேண்டும். ஆனால் பட்டத்தில் தகராறு இருக்கிறது என்பதற்காக உழைப்பையே அழித்துவிடலாமா? பாபேஜ் எழுதிப் பார்த்தவை அவருடைய கையெழுத்துத் தாள்களிலேயே கிடந்தன. அந்தப் பொறியைப் பற்றி லூயிஜி மெனாப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை அடா ஆங்கிலத்தில் தந்து, 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு குறிப்புகளைச் சேர்த்து 1843-இல் வெளியிட்டார். குறிப்புகள் மூலக் கட்டுரையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீளம். 'வெறும் மொழிபெயர்ப்பு' என்பவர், அச்சான பக்கங்களில் பெரும்பகுதியைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறார்.

'ஜி' குறிப்பில் பெர்னௌலி எண்களைக் கணக்கிடும் அட்டவணை இருக்கிறது. இருபத்தைந்து செயல்கள், ஒவ்வொன்றும் எந்த மாறிகளை எடுக்கிறது, விடை எந்த மாறியில் போய் உட்காருகிறது, எந்தச் செயல்கள் திரும்பத் திரும்ப நடக்கவேண்டும் என்று வரிசைப்படுத்தியிருக்கிறார். இந்த உதாரணத்தைச் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவர் யார்? 1843 ஜூலையில் அடா பாபேஜுக்கு எழுதிய கடிதத்தில் விடை இருக்கிறது. பெர்னௌலி எண்களைச் சேர்க்க விரும்புவதாகவும், அதற்கு வேண்டிய சூத்திரங்களை அனுப்பும்படியும் அவரே கேட்கிறார். சூத்திரம் பாபேஜிடமிருந்து வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பாபேஜே 1864-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், பெர்னௌலி பகுதியைத் தாம் செய்து கொடுத்ததாகவும், அதில் தாம் செய்திருந்த பெரும்பிழையை அடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதாகவும் எழுதுகிறார். சொன்னதை எழுதும் எழுத்தர் இப்படியா பிழை பிடிப்பார்? கட்டுரையாளர் இந்த வாக்குமூலத்தில் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார். இது அறியாமை என்று நம்ப முடியவில்லை.

அந்த வெளியீட்டின்போது அடா எப்படி நடந்துகொண்டார் என்பதையும் பாருங்கள். தம் குறிப்பில் பாபேஜ் கைவைத்ததற்குக் கோபித்துக் கடிதம் எழுதுகிறார். தம் வாக்கியங்களை இன்னொருவர் திருத்துவதைப் பொறுக்க முடியாது என்கிறார். அரசாங்கத்தைத் தாக்கிப் பெயரில்லாத முன்னுரை ஒன்றைச் சேர்க்க பாபேஜ் முயன்றபோது மறுத்துவிடுகிறார். இவரையா கைப்பாவை என்பது?

கணிதம் போதாது என்ற வாதம் 1985-இல் டோரதி ஸ்டைன் எழுதிய நூலிலிருந்து வந்தது. கணித ஆசிரியர் அகஸ்டஸ் டி மார்கனுக்கு அடா 1840-41-இல் எழுதிய கடிதங்களில் தெரியும் தடுமாற்றங்களே ஆதாரம். ஆனால் கிறிஸ்டோபர் ஹாலிங்ஸ், ஊர்சுலா மார்ட்டின், ஏட்ரியன் ரைஸ் ஆகிய கணித வரலாற்றாய்வாளர்கள் 2017-இல் அந்தக் கடிதங்களை மறுபடி ஆராய்ந்து, வரிசை தவறாக இருந்ததைத் திருத்தி, பழைய குற்றச்சாட்டுகளை மறுத்திருக்கிறார்கள். டி மார்கனே 1844-இல் அடாவின் தாய்க்கு எழுதியபோது, இத்தகைய திறமை கேம்பிரிட்ஜ் செல்லவிருக்கும் ஓர் இளைஞனிடம் இருந்தால் அவன் சுயமான ஆய்வாளனாக வருவான் என்று கணித்தார். பழைய நூலை மட்டும் மேற்கோள் காட்டிப் புதிய ஆய்வைக் காணாததுபோல் கடந்துபோவது, கட்டுரையாளர் பெரிதாகப் பேசும் 'நடுநிலை'க்கே எதிரானது.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதைத்தான். பாபேஜின் பகுப்பாய்வுப் பொறி அவர் வாழ்நாளில் முழுமையாகக் கட்டப்படவே இல்லை. ஆனாலும் 'கணினியின் தந்தை' என்ற பட்டத்தை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. காகிதத்தில் இருந்த வடிவமைப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அடாவின் நிரல் மட்டும் ஓடியிருக்கவேண்டும், ஒவ்வொரு வரியும் அவர் தனியாக யோசித்ததாக இருக்கவேண்டும்! கூட்டாக உழைத்த ஆண்களிடம் இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

பட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் கட்டுரையாளர் அடாவின் சிந்தனையைத் தொடவே இல்லை. எண்களை மட்டுமல்ல, விதிகளுக்கு உட்பட்ட எதையும், இசையைக்கூட, இந்தப் பொறி கையாளலாம் என்று 'ஏ' குறிப்பில் எழுதினார். பொறி தானாக எதையும் தோற்றுவிக்காது என்று 'ஜி' குறிப்பில் எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்கு 1950-இல் கணினி முன்னோடி ஆலன் டூரிங் அடாவின் பெயர் சொல்லிப் பதில் எழுதவேண்டியிருந்தது. நூறாண்டு கழித்தும் டூரிங்குக்குப் பதில் சொல்லத் தகுந்ததாகப் பட்ட கருத்துக்கு விக்கிப்பீடியாவில் ஒரு பத்தி கூடாதா?

1843-இல் அவர் முழுப்பெயர் அச்சாகவில்லை, 'ஏ.ஏ.எல்.' என்ற முதலெழுத்துகள் மட்டுமே இடம்பெற்றன. இன்று அவரைச் சுருக்க முனைபவர்கள் அந்தப் பழைய அநியாயத்தையே தொடர்கிறார்கள். பாபேஜின் முந்தைய பணியை எழுதுங்கள். பட்டத்துக்கான மறுப்பையும் எழுதுங்கள். குறிப்புகளின் ஆசிரியர் அடா லவ்லேஸ் என்பதையும் அதே அளவு துலக்கமாக எழுதுங்கள். அதை அழிக்கவேண்டுமானால், அந்தக் கடிதங்களுக்கும் பாபேஜின் வாக்குமூலத்துக்கும் முதலில் பதில் சொல்லுங்கள்.