வண்டி விற்கிறவரும் வியாபாரிதான்

அரிசி, பருப்பு, வரி, லைசென்ஸ் என்று எழுத வேண்டிய நமது இதழில் இவர் ஜீப் வாங்கிய கதையை எழுத வந்துவிட்டாரே என்று அன்பர்கள் எண்ணக்கூடும். வண்டி விற்கிறவரும் நம்மைப் போல ஒரு வியாபாரிதான். நாற்பது வருடமாகக் கல்லாவுக்கு உள்ளே உட்கார்ந்து பேசிப் பழகிய நான், வாங்குகிறவனாக மூன்று ஷோரூம் ஏறி இறங்கியபோது கண்டதைத்தான் எழுதுகிறேன். நம் உறுப்பினர்களுக்குப் பண நஷ்டம் வரக்கூடிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது.

எனக்கு ஏலம், மிளகு மொத்த வியாபாரம். ஊர் போடிநாயக்கனூர். போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடுதான். அதற்குச் சாதாரணக் காரே போதும். மெட்டைத் தாண்டி பூப்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் தோட்டத்துக்குள் இறங்கும் பாதை வேறு. ஆனி, ஆடி மழையில் கல்லும் சேறும் கலந்து கிடக்கும். மாதிரி பார்க்கவும் கணக்கு முடிக்கவும் நானும் கணக்கப்பிள்ளையும் வாரம் இரண்டு முறையாவது போய்த் தீர வேண்டும். எங்கள் பக்கத்தில் ஜீப் ஆடம்பரமல்ல. கொழுக்குமலை போடி தாலுகாவில் இருக்கிறது. ஆனால் சூரியநெல்லி வழியாக ஜீப்பில் சுற்றித்தான் அங்கே போக முடியும். தேனி மாவட்டத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் ஏறுவதும் ஜீப்பில்தான். என்னிடம் இருந்த பழைய ஜீப்பும் இருபது வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க 2025 ஐப்பசியில் புறப்பட்டேன். கம்பெனிப் பெயரும் ஷோரூம் பெயரும் இங்கே வேண்டாம். குறை ஒரு கடையோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் ஷோரூமுக்கு நானும் என் டிரைவரும் போனோம். வேட்டி, ரப்பர் செருப்பு. கழுத்தில் டை கட்டிய தம்பி ஒருவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" நம் கடைக்கு ஒருவர் வந்தால் "என்ன வேணும்?" என்று கேட்போம். கல்யாணத்துக்கா, வீட்டுக்கா, ஓட்டலுக்கா என்று கேட்டு அதற்கேற்ற சரக்கைக் காட்டுவோம். இந்தத் தம்பி கடைசி வரையில் எந்தப் பாதையில் ஓட்டப்போகிறேன் என்று கேட்கவே இல்லை. வண்டிக்குள் இருக்கும் பெரிய திரையைக் காட்டினார், பாட்டுப் போட்டுக் காட்டினார், கலர் அட்டையைக் காட்டினார். கலர் மட்டும் ஆறோ ஏழோ இருந்தது.

என் டிரைவர் மெதுவாக, "லோ கியர் எங்கே இருக்கு?" என்று கேட்டார். "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா வந்துடும்" என்று தம்பி டக்கென்று சொன்னார். டிரைவர் ஒன்றும் பேசாமல் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். எழுந்து வந்து என் காதருகே, "முதலாளி, முன் சக்கரத்துக்கு ஷாப்டே போகலை. இது பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி" என்றார்.

இதை அன்பர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். இப்போது ஜீப் உருவத்தில் வரும் வண்டிகளில் இரண்டு சக்கரம் மட்டும் இழுப்பவையும் உண்டு, நாலு சக்கரமும் இழுப்பவையும் உண்டு. ஒரே வண்டியே இரண்டு வகையிலும் விற்கப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் சுலபத்தில் தெரியாது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், மற்றது அசையாது, வண்டி அங்கேயே நின்றுவிடும். நாலு சக்கர வண்டியில் முன் சக்கரம் இரண்டும் சேர்ந்து இழுத்து வெளியே கொண்டு வரும். லோ கியர் என்பது அதற்கும் மேல். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி அது சூடேறி வேலை செய்யாமல் போகும் ஆபத்து இல்லை. டவுனுக்குள் ஓட்டுகிறவருக்கு இவை எதுவும் தேவையில்லை. அவருக்கு இரண்டு சக்கர வண்டியே நல்லது, விலையும் குறைவு. அந்த வண்டியில் குற்றம் இல்லை. அதை மலைத் தோட்டத்துக்குப் போகிறவன் தலையில் கட்டப் பார்த்ததுதான் குற்றம்.

தம்பியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஆனால் "தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்ல அவர் வாய் வரவில்லை.

இரண்டாவது ஷோரூமில் இருந்தவர் அனுபவசாலி. நாலு சக்கர வண்டியையே காட்டினார். ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். நாலுவழிச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டித் திரும்பிவிட்டார். ஏற்றம் எங்காவது ஏற்றிக் காட்டச் சொன்னதற்கு, கம்பெனி அனுமதி இல்லை என்றார். ஏலக்காயைக் கையில் அள்ளி நிறம் பார்க்காமல், சல்லடையில் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்க்காமல், லிட்டர் எடை போடாமல் சாக்கோடு வாங்கச் சொன்னால் நாம் வாங்குவோமா?

அடுத்து விலைப்பட்டியல் கொடுத்தார். பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிப்பது நம் தொழில் புத்தி. வண்டி விலை, ஆயுள் வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சரி. அதற்குக் கீழே துணைப்பொருள்கள் என்று 48,000 ரூபாய். மிதியடி, கதவுக்கு ஒட்டும் பட்டை, பக்கவாட்டுப் படி இத்தியாதி. வேண்டாம் என்றேன். "அது இல்லாமல் வண்டி ஒதுக்க மாட்டார்கள் சார்" என்றார். கையாளும் கட்டணம் என்று 12,000. எதைக் கையாளுகிறீர்கள் என்று கேட்டதும் அதை மட்டும் பேனாவால் அடித்துவிட்டார். கேட்காமல் இருந்திருந்தால் போயிருக்கும். இன்சூரன்சில், எனக்குத் தெரிந்த ஏஜெண்டு சொன்னதைவிட 19,000 ரூபாய் அதிகம். இன்சூரன்சை எந்தக் கம்பெனியிலும் எடுக்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு. பழைய வண்டியில் கிளைம் செய்யாமல் சேர்ந்த போனஸ் தள்ளுபடி வண்டியோடு போகாது, சொந்தக்காரரோடு வரும். ஐந்து வருடம் கிளைம் இல்லாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை அது கிடைக்கும். இதை அவர் சொல்லவில்லை. என் ஏஜெண்டு சொன்னார்.

பத்து லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள வண்டிக்கு 1 சதவீதம் வருமான வரி முன்னதாகப் பிடிப்பது 2016 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. அது செலவல்ல. நம் பான் எண்ணில் வரவாகும். ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். "அது கவர்மெண்டுக்குப் போகிறது சார், திரும்பாது" என்றார் அவர். நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் இதைக் கோராமல் விட்டிருக்கிறார்களோ!

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. விலை அதிகம் என்று நான் தயங்கியதைப் பார்த்து அவர் சொன்னார்: "உங்க ஃபர்ம் பேர்ல பில் போட்டுடலாம் சார், ஜி.எஸ்.டி. முழுக்கத் திரும்பிடும்." வரி எவ்வளவு என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்குள்ளும் டீசலானால் 1500 சிசிக்குள்ளும் பெட்ரோலானால் 1200 சிசிக்குள்ளும் இருக்கும் கார்களுக்கு 18 சதவீதம். அதற்கு மேற்பட்டவைக்கு 40 சதவீதம். நான் பார்த்த வண்டி 40 சதவீதத்தில் வருவது. வரியுடன் 15 லட்சம் என்றால் அதில் வரி மட்டும் ஏறத்தாழ 4 லட்சத்து 28 ஆயிரம். அது திரும்பும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அங்கேயே முன்பணம் கொடுக்கக் கையும் வந்தது.

வீட்டுக்கு வந்து ஆடிட்டரைக் கேட்டேன். சிரித்தார். டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணி வண்டிகளுக்கு, கார் வியாபாரம், வாடகைப் பயண வண்டி, டிரைவிங் பள்ளி போன்ற தொழில்கள் தவிர வேறு யாருக்கும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவு அதைத் தடுத்திருக்கிறது. சரக்கு ஏற்றும் லோடு வண்டிக்கு உண்டு; ஜீப்புக்கு இல்லை. கட்டிய வரி வண்டி விலையோடு சேர்ந்து, தொழிலுக்கு ஓட்டும் அளவுக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானத்தில் கழியும். அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த பருப்பு வியாபாரி ஒருவர் இதே பேச்சை நம்பி வாங்கி, வரவும் எடுத்து, பிறகு நோட்டீஸ் வந்து வட்டியோடு கட்டினார். வண்டி விற்றவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வாய் வார்த்தைக்கு யாரைப் பிடிப்பது?

நுகர்வோர் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. ஒரு பொருளை வாங்க வேறொரு பொருளையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது அதன்படி கட்டுப்படுத்தும் வணிக முறை. பில் கொடுக்காமல் இருப்பதும் முறையற்ற வணிகம். ஆனால் அதே சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. உச்ச நீதிமன்றம் 1995இல் லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே திரும்பாத ஜி.எஸ்.டி.க்கு ஆசைப்பட்டு ஃபர்ம் பெயரில் பில் போட்டால், நாளைக்குத் தகராறு வரும்போது நுகர்வோர் ஆணையத்தின் படியேறுவதே சிக்கலாகலாம். என் பெயரிலேயே வாங்கினேன்.

வாங்கியது மூன்றாவது இடத்தில். சின்னக் கிளை. மேஜையில் ஒரு இளம்பெண். "ஐயா, வண்டி எந்த ரோட்டுல ஓடப்போகுது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் பாதையைச் சொன்னதும், "எனக்கு மலை ஓட்டிப் பழக்கமில்லை. சர்வீஸ் மேஸ்திரி இருக்கார், கூப்பிடுறேன்" என்றார். கையெல்லாம் கிரீசோடு வந்த மேஸ்திரி பத்து நிமிடத்தில் என் டிரைவரோடு சிநேகிதமாகிவிட்டார். இந்த மாதிரி வண்டியில் காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கர கியர் போட்டு வளைவில் திருப்பக் கூடாது, கியர் பெட்டி இறுகும் என்பதை அவரே சொன்னார். அந்தப் பெண் பத்து நாளில் வண்டி தருகிறேன் என்று சொல்லவில்லை. ஏழு வாரம் ஆகும், அதற்குள் விலை ஏறினால் ஏறிய விலைதான் என்றார். அங்கேயும் இன்சூரன்ஸ் அதிகமாகத்தான் போட்டிருந்தார்கள். வெளியில் எடுத்துக்கொள்கிறேன் என்றதும் அவர் முகம் வாடியது. "வண்டியில எங்களுக்கு ஒண்ணும் பெருசா நிக்காதுங்க ஐயா. இன்சூரன்சும் ஆக்சசரியும் போட்டாத்தான் இன்சென்டிவ்" என்றார். முதல் இடத்துத் தம்பிக்கும் இதே கணக்குத்தான் இருந்திருக்கும். மாதக் கடைசியில் எண்ணிக்கை காட்ட வேண்டியவன் எந்தப் பாதை என்று எதற்குக் கேட்கப் போகிறான்?

சரி, நம் யோக்கியதை என்ன? தீபாவளிச் சமயத்தில் எண்ணெய் டின் கேட்டு வரும் சிறு கடைக்காரரிடம், ஓடாத சோப்பு ஒரு பெட்டியும் எடுத்தால்தான் டின் என்று சொல்லும் மொத்த வியாபாரிகள் நம்மில் இல்லையா? கம்பெனிக்காரர் நம் தலையில் கட்டினார், நாம் அவர் தலையில் கட்டுகிறோம் என்று சமாதானம் சொல்வோம். அந்தப் பெண்ணும் அப்படித்தான் சொன்னார்.

என் கடையில் நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். கம்பம் பக்கத்திலிருந்து டீக்கடைகளுக்குச் சரக்குப் போடும் ஒரு அம்மா இரண்டு வருடமாக எங்களிடம் ஏலம் வாங்குகிறார். இந்த ஷோரூம் அலைச்சல் முடிந்த வாரத்தில்தான் அவர் பட்டியலைக் கவனித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 8 மில்லிமீட்டர் முதல் தரம். இடித்து டீயில் போடுவதற்கு வெடித்த காயே போதும், விலையும் எவ்வளவோ குறையும். கல்லாப் பையனைக் கேட்டேன். "நல்ல காய் வேணும்னாங்க முதலாளி, கொடுத்தேன்" என்றான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. இரண்டு வருடமாக நானும் கேட்கவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது இரண்டு மாதிரியையும் தட்டில் கொட்டிக் காட்டினேன். வெடித்த காயே எடுத்தார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் உறுப்பினர்கள் வருடந்தோறும் லோடு வண்டியும் காரும் எத்தனையோ வாங்குகிறார்கள். ஆனால் வாங்கும்போது ஒவ்வொருவரும் தனி ஆளாகப் போய் நிற்கிறோம். வாங்கியவர்கள் விலைப்பட்டியல், இன்சூரன்ஸ் ரசீது, முன்பண ரசீது ஆகியவற்றின் நகலைச் சங்கத்தில் கொடுத்து வைத்தால் அடுத்தவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரி விஷயமாக விற்பனையாளர் எதைச் சொன்னாலும் லெட்டர் பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் இரண்டாவது ஷோரூமுக்குப் போன் செய்து ஜி.எஸ்.டி. திரும்பும் என்பதை எழுத்தில் கேட்டேன். "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்றவர் இன்று வரை சொல்லவில்லை.

எனக்கு ஏழு வாரம் என்ற வண்டி எட்டாவது வாரம் வந்தது. தாமதம் ஆகும் என்று அந்தப் பெண் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டார். என் ரசீதுகளின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.