ஐந்தாம் மாதம் நிறையும் முன்னே

பல்கலைக்கழக விடுதிகளில் பூனைக்குட்டி வளர்க்கும் மாணவர்களிடையே ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகிறது: பெண் குட்டிக்குக் கருத்தடை அறுவையை எப்போது செய்விப்பது? "ஆறு மாதம் ஆகட்டும்" என்பார் சிலர். "ஒருமுறை பருவத்துக்கு வந்து போகட்டும்" என்பார் சிலர். "ஓர் ஈற்றாவது ஈனட்டும், தாய்மையை ஏன் மறுக்க வேண்டும்?" என்பார் இன்னும் சிலர். என் துறை வரலாறு, கால்நடை மருத்துவமன்று. ஆயினும் ஐதராபாத்தில் விடுதி வாழ்க்கையில் சில ஆண்டுகள் இந்த விவாதத்தைக் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும், மருத்துவர்களிடம் உசாவியும் நான் வந்தடைந்த நிலைப்பாடு இது: நலமாக உள்ள குட்டிக்கு, முதற்கட்டத் தடுப்பூசிகள் முடிந்ததும், 4 மாதம் நிறைந்து 5 மாதம் நிறைவதற்குள் செய்துவிட வேண்டும்.

முதற்காரணம் உடலியல். பெண் பூனை பருவமெய்தும் வயது பொதுவாக 5 முதல் 9 மாதம். 4 மாதத்திலேயே பருவமெய்தும் குட்டிகளும் உண்டு. கருக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள். ஆகவே அறுவையை ஆறாம் மாதத்துக்கு ஒத்திவைத்தால், அந்நாள் வரும்போது குட்டி ஏற்கெனவே சினையாக இருக்கக்கூடும். பூனைக்குப் புணர்ச்சியின் தூண்டுதலால்தான் சினைமுட்டை வெளிப்படுகிறது. ஒரே ஓர் இரவு வெளியே சென்று வந்தாலும் கருத்தரிக்கும் வாய்ப்பு மிகுதி. உடன்பிறந்த ஆண் குட்டி என்ற உறவுமுறை அதற்குத் தடையன்று. ஈன்ற குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினையாவதும் உண்டு.

இரண்டாவது காரணம் நாம் வாழும் நிலப்பகுதி. பூனையின் இனப்பெருக்கச் சுழற்சியைப் பகலின் நீளம் ஆள்கிறது. பகல் குறுகும்போது சுழற்சி ஓய்கிறது. நீளும்போது மீண்டும் தொடங்குகிறது. இலண்டனில் டிசம்பர் மாதக் கடைசியில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே ஆண்டின் பிற்பகுதியில் பிறந்த குட்டிக்குக் குளிர்காலமே சிறிது அவகாசம் தந்துவிடும். ஐதராபாத்தில் அதே நாள்களில் பகல் ஏறத்தாழ 11 மணி நேரம். போதாக்குறைக்கு, ஆய்வேடு எழுதும் அறையில் நள்ளிரவு கடந்தும் குழல்விளக்கு எரிகிறது. செயற்கை ஒளியும் பூனையின் உடலுக்குப் பகலே. குளிர்நாட்டு வழிகாட்டி நூல்களின் கால அளவை நாம் அப்படியே எடுத்துக்கொள்வது இதனால் பொருந்தாது.

"ஆறு மாதம்" என்னும் எண்ணுக்கு வழக்கத்தின் வலிமை உண்டு; ஆய்வின் வலிமை குறைவு. 2016ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் குழு ஒன்று சான்றுகளை ஆராய்ந்து, 5 மாதத்துக்குள் செய்யலாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2017இல் அதனை ஏற்றது. இளவயதில் செய்தால் வளர்ச்சி நின்றுவிடும், சிறுநீர்க்குழாய் குறுகிவிடும் என்னும் அச்சங்களை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. உடல் பருமன் கூடுவது உண்மை. அது எந்த வயதில் செய்தாலும் வரக்கூடியது, உணவைக் குறைத்துச் சமாளிக்க வேண்டியது.

"ஒருமுறை பருவத்துக்கு வரட்டும்" என்போர் அது உடல்நலத்துக்கு நல்லது என நம்புகின்றனர். சான்று இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பூனைகளின் பால்சுரப்பிக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய்க் கட்டிகள். 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, 6 மாதத்துக்கு முன் கருத்தடை செய்யப்பட்ட பூனைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 91 விழுக்காடும், 6 மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையே செய்யப்பட்டவற்றுக்கு 86 விழுக்காடும் குறைவதாகக் கண்டது. இவ்விரு எண்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 5 மாதமா, 8 மாதமா என்னும் விவாதத்தைப் புற்றுநோய் தீர்க்காது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் குட்டி சினையாகிவிடும் என்பதே அதைத் தீர்க்கிறது.

இனி, நம் வளாகங்களில் எழும் கடினமான எதிர்வாதத்துக்கு வருகிறேன். கருத்தடை என்ற சொல்லுக்கு இந்நாட்டில் ஒரு கொடிய வரலாறு உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976–77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது; ஏழைகள்மீது வற்புறுத்தல் கடுமையாக இருந்தது. அந்த வரலாற்றைப் படித்த நண்பர்கள், பிற உயிரின் உடல்மீது அதிகாரம் செலுத்தத் தயங்குவதை நான் மதிக்கிறேன். ஆனால் அவ்வன்முறையின் மையம் எங்கே இருந்தது? மறுக்கும் உரிமை உடையவர்களின் மறுப்பு மிதிக்கப்பட்டதில் இருந்தது. பூனையிடம் இசைவும் பெற முடியாது. மறுப்பும் பெற முடியாது. அதன் உணவு, அது தாண்டும் கதவு, அதற்கிடும் தடுப்பூசி ஆகிய அனைத்தையும் நம் கையில் வைத்துக்கொண்டு, இதை மட்டும் இயற்கைக்கு விட்டேன் என்று சொல்வது முடிவெடுக்காமை ஆகாது. அதுவும் ஒரு முடிவே. விளைவைச் சுமப்பது மட்டும் பூனை.

அவ்விளைவைப் பற்றிப் பேசும்போது ஒரு புகழ்பெற்ற கணக்கை எடுத்துக்காட்டுவார்கள். ஒரு பூனையும் அதன் வழித்தோன்றல்களும் ஏழாண்டுகளில் 4,20,000 ஆகும் என்பது அக்கணக்கு. அதை நான் நம்பவில்லை. நீங்களும் பகிர வேண்டாம். பிறந்த குட்டி ஒன்றுகூடச் சாகாது என்று கொண்டால்தான் அவ்வெண் வரும். வட கரோலினாவில் கட்டின்றித் திரியும் பூனைகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை, பின்தொடரப்பட்ட 169 குட்டிகளில் 127 குட்டிகள் 6 மாதம் நிறைவதற்குள் இறந்தோ காணாமலோ போயின என்கிறது. நான்கில் மூன்று. நம் வளாகங்கள் பூனைகளால் நிரம்பி வழியாததற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஓர் ஈற்றாவது ஈனட்டும் என்று நாம் பெருந்தன்மையோடு சொல்லும்போது, வாகனத்துக்கும் நாய்க்கும் நோய்க்கும் இரையாகப் போகும் குட்டிகளையே பெரும்பாலும் வரவேற்கிறோம்.

விடுதிப் பூனைக்குக் காலத்தின் நெருக்கடி இன்னும் அதிகம். மார்ச்சில் பிறந்த குட்டி, கோடை விடுமுறையில் யாரோ ஒருவரின் பொறுப்பில் கழித்துவிட்டு, ஜூலையில் 4 மாதத்தை எட்டுகிறது. அப்போது நமக்குப் புதிய பருவம் தொடங்குகிறது. நெறியாளருக்கு இயல் ஒன்று தர வேண்டும். உதவித்தொகை வந்து சேர்ந்திருக்காது. அறுவை தள்ளிப்போகிறது. ஆகஸ்டில் ஓர் இரவு குட்டி ஓயாமல் கத்தத் தொடங்குகிறது. அந்நிலை ஏறத்தாழ ஒரு வாரம் நீடிக்கும். சினையாகாவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் திரும்ப வரும். பக்கத்து அறையினர் முறையிடுவர். காப்பாளர் வெளியேற்றச் சொல்வார். விடுதிப் பூனைகள் பல தெருவுக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆகவே சில வேண்டுகோள்கள். முதல் தடுப்பூசி போடும் நாளிலேயே அறுவைக்கான நாளையும் மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இளங்குட்டிகளுக்கு அறுவை செய்து பழகியவரா என்று கேளுங்கள். மயக்க மருந்தின்போது குட்டிகளின் உடல் வெப்பமும் இரத்தச் சர்க்கரையும் விரைவில் இறங்கும், நீண்ட நேரம் பட்டினி போடவும் கூடாது. தெருவில் கிடைத்த, வயது தெரியாத குட்டியானால் பற்களைக் கவனியுங்கள். முன்பற்களில் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்தால் ஏறத்தாழ 4 மாதம் எனக் கொள்ளலாம். மெலிந்த அல்லது சளி பிடித்த குட்டிக்கு அவசரம் வேண்டாம். தேறும்வரை அறைக்குள் வைத்திருங்கள், ஆண் குட்டிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். செலவை ஒருவர் தாங்க முடியாவிட்டால், அந்தக் குட்டியைப் படமெடுத்துப் பகிர்ந்து மகிழும் தளத்தினர் அனைவரும் பங்கிடட்டும்.

இவ்வாண்டுக் குட்டிகள் பல இப்போது மூன்றாம் மாதத்தில் இருக்கின்றன. மருத்துவரிடம் நாள் கேட்க இதுவே தக்க தருணம்.